அடியில் ஒரு சிவப்புப் பட்டை

விஜயகலா லேபிளுக்குச் சிவப்பைத்தான் சொன்னாள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அடியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை. தன் மெஷினில் இரண்டு மைக்கு மேல் ஏறாது என்று பலாங்கொடை அச்சகத்து ஜமால்தீன் நானா முதலிலேயே சொல்லிவிட்டார். அவள் வரைந்துகொண்டுபோனதைப் பார்த்து, கம்பெனிக்காரன் போட்டது மாதிரியே இருக்கிறது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அதையே ஐந்தாறு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சங்கம் போடும் எலுமிச்சங்காய் ஊறுகாய்க்குத்தான் அந்த லேபிள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன விஜயகலாவைத் தீபாவளி முடிந்ததும் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்புவதாக அவள் அம்மா வெள்ளையம்மா தரகருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்குள் ஊறுகாய் விற்றுவிட்டால் போத்தல் நிரப்பி லேபிள் ஒட்டும் வேலைக்கு அவளையே வைத்துக்கொள்கிறேன் என்று சங்கத் தலைவி ரோசம்மா தவணை கேட்டிருந்தார்.

சம்பள நாளன்று, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் மேசை போட்டு நாற்பது போத்தல்களை அடுக்கினார்கள். சம்பளம் வாங்கி வந்தவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள், போனார்கள். தேயிலைக்குப் பூச்சி மருந்தடிக்கிற மூக்கையா மட்டும் ஒரு போத்தலைக் கையில் எடுத்தார். உடனே கீழே வைத்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க, ஊறுகா பிடிக்காதா?" என்றார் ரோசம்மா.

"பிடிக்கும்மா. ஆனா எங்க மருந்து கேன்லயும் இதே எடத்துலதான் இந்தப் பட்ட இருக்கு. தொட்டா சவுக்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லித்தான் ஸ்டோர்ல தர்றாங்க. நீங்க சோத்துல வச்சுத் திங்கச் சொல்றீங்க."

சம்பள வரிசையில் நின்ற ஒருத்தி, "எனக்கு ஒண்ணு குடுங்க, மாமியாளுக்கு ஆகும்" என்றாள். பிரட்டுக்களமே சிரித்தது.

விஜயகலாவுக்கு முகம் சுட்டது. ஸ்டோருக்குப் பின்னால் காலி கேன்கள் குவிந்து கிடக்கும். சின்ன வயதில் அவற்றின் முன்னால் குந்தி அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவள் அவள். நேராகவும் அழகாகவும் அச்சடித்த வேறொன்றை அந்த மலையில் அவள் கண்டதில்லை. லேபிள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கை தானாகப் பழகியிருந்தது.

அன்று சாயங்காலம் வெள்ளையம்மா பரண்மேல் கிடந்த பயணப் பையை இறக்கித் தூசி தட்டினாள்.

மறுநாள் விஜயகலா பழைய கலண்டரின் கலர்த் தாள்களைப் பட்டைகளாக வெட்டி எடுத்துக்கொண்டு மூக்கையாவின் லயத்துக்குப் போனாள். யார் வீட்டுக்கும் தனியாகப் போய்ப் பழக்கமில்லாதவள். வாசலில் நின்று, "மாமா, இதுல எதப் பாத்தா வாய் ஊறுது?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் நீலத்தைத் தள்ளினார். அந்தப் பட்டையோடும் ஒரு மருந்து கேன் உண்டு. மஞ்சளும் அப்படியே.

"பட்டையா வந்தா பச்சையும் மருந்துதான் புள்ள."

அப்படியென்றால் குற்றம் சிவப்பின் மேல் மட்டும் இல்லை. அவள் மஞ்சள் தாளை வட்டமாகக் கிழித்து நடுவில் வைத்தாள். பச்சையில் ஓர் இலை கிழித்து அதன் தலையில் வைத்தாள். மூக்கையா குனிந்து பார்த்தார். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது.

"இப்பத்தான் காய் மாதிரி இருக்கு."

மை இரண்டுதான் என்பதால் எழுத்துக்குக் கறுப்பை விட்டுவிட்டு அதையும் கரும்பச்சையிலேயே போடச் சொன்னாள். மறுபடி ரோலர் கழுவ வேண்டுமே என்று ஜமால்தீன் நானா முணுமுணுத்துக்கொண்டே கழுவினார்.

அடுத்த சம்பளம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் வந்தது. மூக்கையா முதல் ஆளாக வந்து புது லேபிள் ஒட்டிய ஒரு போத்தலை வாங்கினார், அங்கேயே மூடியைத் திறந்தார், எல்லோரும் பார்க்க விரலை விட்டு நக்கினார். அதற்குப் பிறகு ரோசம்மா யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் மேசையில் மூன்று போத்தல் மிச்சமிருந்தபோது கொழுந்துக் கூடையோடு வெள்ளையம்மா வந்து நின்றாள். ஒன்றை எடுத்து லேபிளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இத விக்காத. தரகருக்கு எடுத்து வை" என்றாள் மகளிடம். "வெறுங்கையோட போயி எப்புடி ஒன்ன அனுப்பலேன்னு சொல்றது?"