மூட்டை மாமாவின் காதுகள்

என் மகள் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தாள். எறியவில்லை, சிணுங்கவில்லை. சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல இரண்டு கையாலும் மெதுவாக வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். திரையில் ஒரு கழுதை மட்டும் வேலியில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. "ஏன் தங்கம், பிடிக்கலையா?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் எங்கள் முதலாளி, "இன்னும் பழகலை, அவ்வளவுதான். நாளைக்குள்ள பிடிச்சுப்போயிடும்" என்று அவளுக்கும் சேர்த்துத் தானே சொல்லிவிட்டார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அவசரம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் லிஃப்ட் வந்து நிற்கும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் வேலை என்றால் எல்லோருக்கும் பொறாமை. "நாள் பூரா விளையாடறதுக்குச் சம்பளமா? குடுத்து வெச்சவடி நீ" என்பார்கள். நன்றாகக் கொடுத்து வைத்தேன். வெளியாகப்போகும் விளையாட்டில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதாவது, கழுதையைக் கொண்டுபோய் ஒவ்வொரு சுவரிலும் முட்டவிடுவேன். காலையில் முன்பக்கமாக முட்டிய சுவரில் மத்தியானம் பின்பக்கமாக முட்டவிடுவேன். எங்கள் சோதனை அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, நாற்காலிகளில் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும், கதவைத் திறந்தாலே கட்டைவிரல் வியர்வையின் வாடை. என் கன்ட்ரோலரின் இடது குமிழ் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. அதை வேறு யாராவது எடுத்தால் எனக்குக் கோபம் வரும்.

குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்று டிவியில் பேர் வாங்கிவிட்டால் போதும், அதை வைத்து ஒரு கேம் பண்ணிக் கொடுங்கள் என்று எங்களைப் போன்றவர்களிடம் வந்துவிடுவார்கள். நாங்களும் பண்ணித் தள்ளுவோம். எப்படிப் பண்ணுகிறோம் என்று சொன்னால் வயிறு எரியும். உடம்பு சரியில்லாத மேசை நாற்காலிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் கோழி டாக்டர் என்று ஒரு நிகழ்ச்சி. ஆடுகிற மேசையின் காலைத் தொட்டு நாடி பார்த்து, "எங்கேம்மா வலிக்குது?" என்று அந்தக் கோழி கேட்கிற அழகே அழகு. அதன் சிறகில் துப்பாக்கியைச் செருகி, கிருமிகளைச் சுடவிட்டோம். மண்ணுக்கடியில் இருட்டில் உட்கார்ந்துகொண்டு மாற்றி மாற்றிக் கதை சொல்லும் இரண்டு பெருச்சாளிகள் உண்டு. அவற்றுக்குக் கார் பந்தயம். பெருச்சாளிக்கு எதற்கய்யா கார்? கேட்டால், "பசங்களுக்கு கார்னா உயிரு" என்பார் அவசரம். பசங்களுக்கு அந்தப் பெருச்சாளிகள் எதனால் உயிர் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், உட்கார்ந்து பார்த்திருக்கலாம். இப்போது மூட்டை மாமாவின் முறை.

மூட்டை மாமா ஒரு துணிப் பொம்மைக் கழுதை. முதுகில் பெரிய மூட்டையோடு தெருத் தெருவாகப் போவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, யாரோ தொலைத்த ஒரு பொருளை மூட்டையிலிருந்து எடுத்துக் காட்டி, "இது யாரோடதா இருக்கும்?" என்று நம்மைப் பார்த்துக் கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். பாட்டு கிடையாது, பளபளப்பு கிடையாது. காது மட்டும் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பும். சரியான விடை என்றும் ஒன்று கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து, "அட, நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். முதல்முறை பார்த்தபோது டிவிதான் நின்றுபோய்விட்டதென்று நான் எழுந்துபோய் அதன் தலையில் தட்டினேன். அப்போது என் மகள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அப்பப்பா!

அவளுக்குப் பேச்சு வரும், நன்றாகவே வரும். ஆனால் ஒரு கேள்வி அவளுக்குள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதிலாக வெளியே வர நேரம் பிடிக்கும். அதுவரை யார் பொறுக்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறார். "அவளுக்குத் தெரியுதுங்க. ஆனா எல்லாரும் பார்த்தா வாயத் திறக்க மாட்டேங்கிறா" என்று என்னிடம் சொன்னார். வீட்டில் இவள் அப்பா, "பால் வேணுமாடா?" என்று கேட்டு, ஒரு மூச்சு விடுவதற்குள், "வேணாமாம்" என்று எனக்குத் தகவலும் சொல்லிவிடுவார். நான் மட்டும் என்ன யோக்கியம்? பஸ்ஸில் யாராவது "பேர் என்ன பாப்பா?" என்றால் முந்திக்கொள்கிறேன். இவளுக்காக நின்றது அந்தக் கழுதை ஒன்றுதான். அதனிடம் மட்டும் பேசுவாள். ஒருநாள் மாமா ஒற்றைச் சாக்ஸை எடுத்துக் காட்டியபோது, "அது... நொண்டி விளையாடறவங்களோடது" என்று சொன்னாள். சில நாள் பதில் பாதியில் இருக்கும்போதே மாமா கிளம்பிவிடுவார். அவள் நிறுத்த மாட்டாள். தூரத்தில் போகிற வாலைப் பார்த்து மீதியைச் சொல்லி முடிப்பாள். போன வாரம் அந்த வாலிடம் அவள், "எங்கம்மா உங்கள வெச்சு கேம் பண்றாங்க" என்று சொன்னதையும் கேட்டேன்.

கேமில் அந்த நிற்றல் முதலில் இருந்தது. எங்கள் ப்ரோக்ராமர் தாடிதான் அதைச் செய்து வைத்திருந்தான். தாடியை எடுத்துப் பல வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் எங்கள் ஆபீசில் வாத்தியார் என்று ஒரு ப்ரோக்ராம் இருக்கிறது. அதுவே விளையாடிப் பார்த்து அதுவே குறை சொல்லும். திரை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் 'உறைந்துவிட்டது' என்று சிவப்பில் போட்டுவிடும். மாமா நின்ற வாசலுக்கெல்லாம் சிவப்பு. "சும்மா நிக்கறதுக்கு எதுக்குப்பா கேம்? தூக்கு" என்றார் அவசரம். தாடி தூக்கிவிட்டான். இப்போது கழுதை ஓடும், வேலி தாண்டும், காசு பொறுக்கும். வாசலில் "இது யாரோடதா இருக்கும்?" என்று கேட்ட கையோடு, "சபாஷ்! சரியான விடை!" என்று கத்தும். மேலேயிருந்து காசு கொட்டும்.

மறுநாள் டிவி நிகழ்ச்சிக்காரர்கள் தரப்பிலிருந்து மாமா பொம்மையை ஆட்டிவைக்கும் அம்மா வருவதாக இருந்தது. அவர் சரி என்று சொன்னால்தான் கேம் வெளியே போகும். குழந்தை ஒன்று விளையாடிக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று அவசரம்தான் என் மகளை அழைத்துவரச் சொன்னார். பள்ளிக்கு விடுமுறை என்பதால் ஒருநாள் முன்னாலேயே ஒத்திகை. அந்த ஒத்திகையில்தான் அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தது.

அவளை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தேன். "என்னடா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, இந்தத் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அக்கவுண்ட்ஸ்காரர் எங்களைத் தாண்டி மேலே போனார். தண்ணீர்க் கேன் போடுகிறவர் கீழே போனார். அவள் படியில் இருந்த கீறல் ஒன்றை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மாமா கேட்டாரு. நான் யோசிச்சேன். அதுக்குள்ள சபாஷ்னுட்டாரு" என்றாள் கடைசியில். "நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா. அது மாமா இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே அவசரத்தின் அறைக்குப் போனேன். "சார், நாளைக்கு இவ ஆட மாட்டா."

"சாக்லேட் வாங்கிக் குடும்மா."

"சாக்லேட்டுக்கு மசியற ஆள் இல்ல சார் இவ. அந்தம்மா முன்னாடியும் இதே மாதிரி கீழ வெச்சுட்டு வந்து நிப்பா. அப்புறம் நம்ம மானம் கப்பலேறிடும். பழையபடி மாமாவ வாசல்ல நிக்க விடுங்க."

"நின்னா ஹேங் ஆன மாதிரி இருக்கும்மா. இந்தக் காலத்துல யாருக்குப் பொறுமை இருக்கு?"

"அந்தக் கழுதைக்கு இருக்கு சார்" என்றேன். எந்தக் கழுதை என்பதுபோல் ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒரே ஒரு வாசல். சொதப்பிச்சுன்னா அதோட விட்டுடணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார்.

தாடி பழைய வேலையை அழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தான். "எனக்குத் தெரியும்க்கா, என்னிக்காவது கேப்பீங்கன்னு" என்று பெருமை வேறு. காது எப்படித் திரும்பும் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. நான் இரண்டு கையையும் தலைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கதவைத் திறந்த அக்கவுண்ட்ஸ்காரர் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் மறுபடி சாத்திக்கொண்டு போனார்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்? டிவில மாதிரி அரை நிமிஷம் போடவா?" என்றான் தாடி. போகிற வாலிடம் பேசுகிற என் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள்.

"நேரமே போடாதடா."

"அப்புறம் எப்பதான்க்கா கிளம்புவாரு?"

"பிள்ளை சொல்லி முடிச்சுட்டுப் பொத்தான அழுத்தட்டும். அப்பக் கிளம்பட்டும். அதுவரைக்கும் நிக்கட்டும், சாயங்காலம் ஆனாலும் சரி."

தாடி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, இல்லாத தாடியைத் தடவினான். "டிவியால இது முடியாதுல்ல?" என்றான் மெதுவாக. இத்தனை நாள் டிவியில் இருந்ததைக் கேமில் கெடுத்துக்கொண்டிருந்தோம். டிவி செய்ய ஆசைப்பட்டு முடியாமல் போனதை ஒரு கேம் செய்யலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. வாத்தியார் அந்த வாசலுக்கு வழக்கம்போல் சிவப்புப் போட்டார். போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் வந்த பொம்மைக்காரம்மா ஒல்லியாக இருந்தார். வலது மணிக்கட்டில் வலிக்குக் கட்டுகிற பட்டை. வாசலிலேயே என்னிடம், "நான் உள்ள பேச மாட்டேம்மா. மாமா குரலும் என்னோடதுதான். குழந்தை கண்டுபிடிச்சுடும்" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் தாடிக்கும் அவசரத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். என் மகள் முன்னால் உட்கார்ந்தாள். நான் முந்தின நாளே, "நாளைக்கு வேற மாதிரி இருக்கும், ஒரே ஒரு வாசல் வரைக்கும் ஆடிப் பாரு" என்று கெஞ்சி வைத்திருந்ததால், எனக்காகத்தான் கன்ட்ரோலரை எடுத்தாள். கழுதை ஓடியது, தாண்டியது, பொறுக்கியது. பின்வரிசையில் அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஊர்ப்பட்ட கூட்டத்தில் சொந்தக்காரரைத் தேடிக் காணாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிறகு வாசல் வந்தது. மாமா மூட்டைக்குள் தலையை விட்டு, ஒரு குடையின் கைப்பிடியை மட்டும் வெளியே எடுத்தார். குடை இல்லை, வெறும் கைப்பிடி. "இது யாரோடதா இருக்கும்?" என்றார். கேட்டுவிட்டு நின்றார். மாமாவின் வலது காது திரும்பியது. இடது காது திரும்பியது. என் மகள் ஆடாமல் அசையாமல் இருந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் மாதிரியே. இவளை இப்படி நடுச்சபையில் கொண்டுவந்து உட்காரவைத்தது நான்தானே? பேசாமலே போய்விட்டால் மாமாவும் போச்சு, இவளும் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து இறங்கி வரவேண்டும். நாலைந்து பதில் என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

மாமாவைக் கிளப்பிவிட அவசரத்தின் கை மெல்லத் தாடியின் விசைப்பலகை பக்கம் நகர்ந்தது. அந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே தன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். உயர்த்திய கையை மடியில் வைத்துக்கொண்டபோது அதன் இரண்டு விரல்கள் தானாகத் திரும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அந்த அம்மா தாடியின் காதருகில் குனிந்து, "எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்று கிசுகிசுத்தார்.

"அவ சொல்லி முடிக்கிற வரைக்கும்மா."

"டிவில என்னை அரை நிமிஷத்துக்கு மேல நிக்க விட்டதே இல்லப்பா" என்றார் அதே கிசுகிசுப்பில். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

டிவியில் மாமா கிளம்புகிற நேரம் வந்து, தாண்டியும் போய்விட்டது. என் மகளுக்கு அது தெரியும், அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, மாமா இன்னும் போகலை."

"போக மாட்டாருடா" என்றேன்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கன்ட்ரோலரை மேசையில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். கைப்பிடியை நன்றாகப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவசரத்தின் போன் அலறியது. அவர் பதறியடித்துக்கொண்டு அதைச் சட்டைக்குள் அமுக்கிப் பிடித்தபடி, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி அசையாமல் உட்கார்ந்தார்.

"அது வந்து..." என்றாள் என் மகள். "மழை நின்னப்புறமும் வீட்டுக்குப் போகாம..." நிறுத்திவிட்டு யோசித்தாள்.

திரையில் மாமாவின் இடது காது மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.