ஊதாக் கல் வந்த கிணறு

மார்ச் 12, புதன். ஏழாம் எண் தண்ணீர் மாதிரியில் நேற்று பஃபர் கரைசல் கலக்க மறந்துவிட்டேன். பிழை என்னுடையது.

ஆய்வகக் குறிப்பேட்டில் இதை எழுதிவிட்டு, பேனாவை மூடாமலே அவள் உட்கார்ந்திருந்தாள். பகலில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை, மாலையில் வேதியியல் வகுப்பு. கரைசல் பாட்டிலில் தினமும் பென்சிலால் கோடு போட்டு வைப்பது அவள் வழக்கம். இன்று காலை பார்த்தால், ஒரு மாதிரிக்கான அளவு குறையாமல் மிச்சமிருந்தது. உடனே ஏழு மாதிரிகளையும் மறுபடி அளந்தாள். ஆறில் அளவு மாறவில்லை. ஏழாவதில் மட்டும் புளோரைடு 1.3-இலிருந்து 2.8-க்குத் தாவியது; இன்னும் இரண்டு தடவை அளந்தும் அதேதான். பஃபர் இல்லாவிட்டால் தண்ணீரிலுள்ள இரும்பும் அலுமினியமும் புளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது கருவியின் கணக்கில் வராது.

ஏழாம் எண், அக்காள் கணவர் பன்னிரண்டு வீடுகளுக்காகப் போட்ட ஆழ்துளைக் கிணறு. புளோரைடு, வரம்பான லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குள்தான் இருக்கிறது, குடிக்கலாம் என்று நேற்றே அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். நாளைக் காலை வீடுகளுக்கு இணைப்பு.

கிணற்றடியில் அவர் குழாய் ஒட்டும் பசை டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன, விஞ்ஞானியம்மா பட்டப்பகல்ல இந்தப் பக்கம்?"

"மாமா, நேத்து சொன்ன நம்பர் தப்பு. ஒரு கரைசல விட்டுட்டேன். புளோரைடு 2.8 வருது. குடிக்கக் கூடாது."

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. குடிச்சே பாத்துட்டேனே."

"அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. முன்னூறு அடியில ஊதா கலர்ல கல்லு வந்துச்சுன்னு காட்டினீங்கல்ல? அதுலதான் இருக்கு. புளோரைடுல இருக்குற புளோரின் தனியா இருக்கவே இருக்காது மாமா. கால்சியத்தோட சேர்ந்து அந்தக் கல்லா உக்காந்திருக்கும். வருஷக்கணக்கா பக்கத்துலயே கிடக்குற தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரையும். விடாம குடிச்சா பிள்ளைங்க பல்லுல கறை விழும், போகப் போக எலும்பையும் பாதிக்கும்."

"நேத்து நல்ல தண்ணின்ன. இன்னிக்கு இல்லங்குற. நாளைக்கு என்ன சொல்லுவ?"

அந்தக் கேள்வியைத்தான் காலையிலிருந்து அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு மூணு தடவ அளந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் டப்பாவை மூடினார். "பன்னெண்டு வீட்லயும் எந்த முகத்த வச்சிக்கிட்டுச் சொல்றது?"

"நான் சொல்றேன். தப்பு என்னோடது."

"நீ சொன்னா பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேரு தூங்கிருவாங்க. வா, ரெண்டு பேருமே போவோம்."

புதுக் கிணற்றுத் தண்ணீர் துவைக்க, கழுவ மட்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பிழை தன்னுடையது என்று ஒவ்வொரு வாசலிலும் அவளே சொன்னாள். முதல் வாசலில் தரையைப் பார்த்துச் சொன்னாள், நான்காவதில் முகம் பார்த்து. ஒன்பதாவது வீட்டுத் தையல்காரர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்ப குடிக்கறதுக்கு?"

மாமா தெருக்கோடியைக் காட்டினார். "அந்தப் பழைய கிணறு நாப்பது அடிதான். ஊதாக் கல்லு வரைக்கும் போகவே இல்ல."

"அதையும் அளந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள் அவள்.

மாலையில் வகுப்பு தொடங்குமுன் குறிப்பேட்டில் எழுதினாள்: நாளை காலை ஏழு மணி. தெருக்கோடிக் கிணறு. பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும்.