கோல்கீப்பரின் பிறப்புச் சான்று

ராஜாத்திக்கு ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. உத்தமபாளையத்தில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே அவள் நடத்திய ஜெராக்ஸ் கடையில் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்காருவதெல்லாம் வருகிறவர்கள்தான். அவள் நின்றுகொண்டே மனு எழுதுவாள், நின்றுகொண்டே டைப் அடிப்பாள். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று யாருடைய தாள் எந்த மேசையில் முடங்கிக் கிடக்கிறது என்பது அந்த மேசைக்காரரை விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

2008 பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, ஷட்டரைத் தூக்கும்போதே செல்போன் அடித்தது. நியூசிலாந்திலிருந்து அண்ணன் மகள் அபிதா.

"அத்தை, எனக்கு பர்த் சர்டிபிகேட் வேணும். ரொம்ப அர்ஜென்ட்."

"என்னத்தா, கல்யாணமா?"

"இல்ல அத்தை. ஹாக்கி."

அண்ணன் இம்மானுவேலும் அவர் மனைவி ஜெசிந்தாவும் ராயப்பன்பட்டியை விட்டுப் போய்ப் பத்து வருடமாகிறது. ஜெசிந்தா நர்ஸ். அந்த வேலைதான் குடும்பத்தையே அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது. போகும்போது பதினொரு வயதாயிருந்த அபிதாவுக்கு இப்போது இருபத்தொன்று. பள்ளியில் புல்தரை ஹாக்கியில் கோல்கீப்பராக நின்றவளை, யாரோ ஒரு பயிற்சியாளர் பார்த்துவிட்டு ஐஸ் மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பிறகு அவள் அங்கிருந்து திரும்பி வரவேயில்லை. இந்த வருடம் அந்த நாட்டுப் பெண்கள் அணியின் முகாமுக்கே அழைத்துவிட்டார்கள். மார்ச் கடைசியில் ஐரோப்பாவில் உலகப் போட்டி.

உலகப் போட்டி என்றால் பெரிய நாடுகள் மோதுவது அல்ல, அதையும் அபிதாவே சொன்னாள். நாடுகளைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இவர்களுடையது ஆகக் கடைசித் தட்டு. அதில் ஆடும் பெண்கள் எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள். லீவு போட்டுவிட்டு வந்து ஆடுகிறவர்கள்.

"ஆனா சிட்டிசனா இருந்தாத்தான் ஆட முடியும் அத்தை. அப்பா இத்தன வருஷமா அப்ளை பண்ணவே விடல. இந்தியப் பாஸ்போர்ட்ட விட மனசில்ல அவருக்கு. நானாத்தான் போட்டேன். எல்லாம் முடிஞ்சிருச்சு. பர்த் சர்டிபிகேட் மட்டும் இல்ல. இருபதாம் தேதிக்குள்ள குடுத்தா அந்த வாரமே உறுதிமொழி எடுக்க வைக்கிறோம்னு சொல்லியிருக்காங்க."

"மார்ச் இருபதா? இங்கன நான் எதுக்கு இருக்கேன்? நீ போயி வெளையாடு ஆத்தா."

ராஜாத்திக்கு அது ஒரு வாரத்து வேலையாகப் பட்டது. இம்மானுவேல் போனில் அடித்துச் சொன்னார்: "நம்ம ஊர்லதான் பதிஞ்சிருக்கும். அப்பா பதிஞ்சிட்டேன்னு சொன்னாக." அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. நான்கு நாள் அவள் தாலுகா அலுவலகத்தில் ராயப்பன்பட்டியின் பழைய பதிவேடுகளைத் தேட வைத்தாள். 1987 ஜனவரி, பிப்ரவரி, பிறகு மார்ச்சும் பார்த்தாயிற்று. இல்லை. ஐந்தாம் நாள் மதியம் யாருக்கோ ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது மெஷினின் வெளிச்சம் பாதியில் அணைந்தது. கரண்டு போய்விட்டது. அப்போதெல்லாம் தினம் இரண்டு மணி நேரம் போகும். கை ஓய்ந்து நின்ற அந்த நேரத்தில்தான் அவளுக்கு நோட்டு வைத்திருந்த ஆள் நினைவுக்கு வந்தார்.

அபிதா பிறந்தது கேரளப் பக்கம், குமுளியில். ஜெசிந்தா அப்போது அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. பேறுகாலத் துணைக்குப் பதினேழு வயது ராஜாத்தியைத்தான் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளை பிறந்த மறுநாள் மழை. ஜெசிந்தா அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது நீள நோட்டோடு ஒருவர் வந்து கட்டில் ஓரத்தில் நின்று மலையாளத்தில் ஏதேதோ கேட்டார். ராஜாத்தி தெரிந்ததைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள். கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறவரை ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "என்னம்மா, டிரைவருக்குச் சாடை காட்றியா?" என்று கேட்டபிறகுதான் கையை மடியில் வைத்தாள்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு கிளார்க் பெண் பதிவேட்டைப் புரட்டி விரலை நிறுத்தினாள். தகப்பன் பெயர் இம்மானுவேல், தாய் ஜெசிந்தா, ஊர் ராயப்பன்பட்டி, தேதியும் சரி.

"இது தன்னெ, சேச்சி. குட்டியுடெ பேரு ராஜாத்தி."

"பிள்ளையோட பேரும்மா. அபிதா."

"ராஜாத்தி என்னாணு எழுதியிருக்கு."

ராஜாத்தி எட்டிப் பார்த்தாள். மலையாள எழுத்து அவளுக்குத் தட்டுத் தடுமாறி வாசிக்கத் தெரியும். அந்த வரியை வாசிக்கத் தடுமாற வேண்டியிருக்கவில்லை. நோட்டுக்காரர் கேட்டதும் தான் சொன்னதும் அப்படியே திரும்ப வந்தன. அவர், 'பேர் என்ன' என்று கேட்டார். பிள்ளையின் பேரை. இவள் தன்னைக் கேட்கிறார் என்று நினைத்துத் தன் பேரைச் சொன்னாள். பெருமையாக, இனிஷியலோடு சேர்த்து.

ஊரில் எத்தனை பேரின் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்திருக்கிறாள்! கிளார்க் பெண் முன்னால் அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"திருத்த எத்தன நாளாகும்?"

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட மனு, ஞானஸ்நானச் சான்று, பள்ளிச் சான்று, பிழை எப்படி வந்தது என்று சத்தியப் பத்திரம். அதன்பின் செக்ரட்டரி பார்க்க வேண்டும். சாதாரணமாக ஒன்றரை மாதம். அன்று மார்ச் ஐந்து.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அபிதாவைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"ஆத்தா, இருக்கியா?"

"இருக்கேன். அப்ப என் பேரு ராஜாத்தியா அத்தை?"

"என் வாயிதான். என் வாயத் தைக்கணும்."

"உங்க மேல தப்பில்ல. நீங்க சின்னப் பொண்ணு." சொன்ன குரல் உடைந்தது. "நாலு வருஷமா நான் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஐஸுக்குப் போறேன். எங்க டீமுக்கு ரெண்டே கோல்கீப்பர். நான் போகலன்னா வேற ஆள் இல்ல, ஒரே கோல்கீப்பரோட போவாங்க. அவளுக்கு அடிபட்டா என்ன பண்ணுவாங்க?"

போனை வைத்தபின் ராஜாத்தி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றாள். பஸ் வந்தது, ஏறவில்லை. அதற்கடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை. திரும்பவும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நடந்து போய் அந்தக் கிளார்க்கிடம் செக்ரட்டரி என்றைக்கு இருப்பார், எந்த நேரத்தில் மனசு இளகி இருப்பார் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் பத்து நாள் அவள் கால் தரையில் பாவவில்லை. ராயப்பன்பட்டிக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டுப் பிரதி வாங்கினாள். பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவின் நகல் வாங்கினாள். அண்ணனும் அண்ணியும் கையெழுத்திட்ட மனு கூரியரில் வரக் காத்திருந்த ஆறு நாளில், கூரியர்காரர் அவளைத் தூரத்தில் கண்டாலே சந்து மாறிப் போக ஆரம்பித்தார். கணவர் பொன்னுராஜ் டிராக்டர் மெக்கானிக், நிதானமான ஆள்.

"ஏன் இப்பிடிப் பறக்குற? புள்ள அடுத்த வருஷம் ஆடட்டுமே."

"அடுத்த வருஷம் இன்னொருத்தி வந்திருவா. நீங்க என்ஜினப் பாருங்க."

கடைசியாக மிச்சமிருந்தது சத்தியப் பத்திரம். நோட்டரி ஞானசிகாமணி வழக்கமான வாசகத்தைச் சொன்னார்: "எழுத்தர் கவனக்குறைவால் பெயர் தவறாகப் பதியப்பட்டது, அப்படிப் போட்ரலாம்மா. எல்லாரும் அப்படித்தான் போடுவாக."

அந்த வாசகத்தை ராஜாத்தியே எத்தனையோ பேருக்கு டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள். விரல் தானாக ஓடியது. 'எழுத்தர்' வரை அடித்தவள் நிறுத்தினாள். மழையில் நனைந்து வந்து நின்ற அந்த ஆளின் சட்டைக் காலர் நினைவுக்கு வந்தது. அவர் சரியாகத்தான் கேட்டார்.

அழித்துவிட்டு அடித்தாள்: 'குழந்தையின் பெயர் கேட்கப்பட்டபோது, மொழி புரியாமல், குழந்தையின் அத்தையாகிய நான் என் சொந்தப் பெயரைக் கூறிவிட்டேன். பிழை என்னுடையது.'

"இது வம்பும்மா," என்றார் ஞானசிகாமணி. "நாளைக்கு உங்களயே கூப்பிட்டுக் கேப்பாக."

"கேக்கட்டும். வாரேன்."

பதினேழாம் தேதி அவள் நான்காம் முறையாகக் குமுளிக்குப் போனபோது செக்ரட்டரி இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். அரைத் தமிழில் கேட்டார்.

"ஈ ராஜாத்தி ஆரா?"

"நான்தான் சார்."

"இத்தன அவசரம் எதுக்கா?"

ராஜாத்தி சொன்னாள். தரை முழுக்க ஐஸ் என்றாள். செருப்படியில் கத்தி கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், எதிரே நிற்கிற பெண் உள்ளங்கையகல ரப்பர் வட்டை மட்டையால் அடிப்பாள், எங்கள் பிள்ளை இருபது கிலோ கனத்தைக் கட்டிக்கொண்டு அதைத் தடுக்க வேண்டும், முகத்துக்குக் கம்பிக்கூண்டு போடுவார்கள். சொல்லச் சொல்லத் தன்னையறியாமல் முழங்காலை மடக்கிக் கையை விரித்துக் காட்டினாள். அறையில் இருந்த மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஜயிக்குமோ?" என்றார் செக்ரட்டரி.

"தெரியல சார். கடைசித் தட்டு. போனாத்தானே தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, ராஜாத்தி என்ற பெயரைச் சிவப்பு மையில் அடித்துப் பக்கத்தில் அபிதா என்று எழுதிக் கையெழுத்திட்டார். சான்று தயாராக மறுநாள் மதியமாகும் என்றார்கள். அவள் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கேயே தெரிந்த நர்ஸ் ஒருத்தி வீட்டில் தங்கினாள்.

பதினெட்டாம் தேதி உத்தமபாளையத்தில் வந்து இறங்கியபோது ஊரே கரண்டு இல்லாமல் கிடந்தது. ஸ்கேன் செய்ய வேண்டும். அவள் கடைக்குப் பக்கத்தில் முத்துலட்சுமியின் பிரவுசிங் சென்டரில் இருந்த இன்வெர்ட்டர் இரண்டு கம்ப்யூட்டரைத்தான் தாங்கும். இரண்டிலும் செமஸ்டர் பரீட்சை முடிவு பார்க்கிறவர்கள். முத்துலட்சுமி அவர்களை எழுப்பி வெளியே நிறுத்தினாள். அவர்கள் முணுமுணுத்தார்கள். ஸ்கேனரை மாட்டியதும் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. பாதிப் பக்கம் வந்து நின்றது. மறுபடி. மூன்றாம் தடவை முழுதாக வந்தது. மெயில் போய்விட்டது என்று திரையில் வந்தபிறகும் ராஜாத்தி மவுசை விடவில்லை.

"போயிருச்சுக்கா," என்றாள் முத்துலட்சுமி. "கைய எடுங்க."

இருபதாம் தேதி காலை அபிதா அழைத்தாள். அலறினாள் என்றே சொல்ல வேண்டும். ராஜாத்திக்குப் புரிந்தது ஒரே சொல்தான்: ஓகே.

போட்டி தொடங்கியதும் அவள் தினமும் மதியத்துக்கு மேல் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். படம் கிடையாது. வெறும் எண்கள், பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் மாறும். முதல் ஆட்டம் ஒன்றுக்குப் பதினொன்று தோல்வி. அடுத்தது பூஜ்யத்துக்கு ஆறு. வீராங்கனைகள் பட்டியலில் அபிதா இம்மானுவேல் என்று இருந்தது. பக்கத்தில் ஆடிய நிமிடம்: பூஜ்யம். மூன்றாவதிலும் பூஜ்யம். நான்காவது ஆட்டத்தில் அணி ஜெயித்தது. அதிலும் அபிதாவுக்குப் பூஜ்யம்தான்.

"பெஞ்சுல உக்கார வைக்கவா இத்தன தூரம் கொண்டு போனாக?" என்று முத்துலட்சுமியிடம் கத்தினாள். "உக்காந்தே இருக்கிறது எம்புட்டுக் கொடும தெரியுமா?"

கடைசி ஆட்டம். பூஜ்யத்துக்கு ஏழு என்று வந்தபோது ராஜாத்தி எழுந்து வெளியே போனாள், ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். முத்துலட்சுமி திரையைக் காட்டினாள். கோல்கீப்பர் மாற்றம். அபிதா பெயருக்குப் பக்கத்தில் நிமிடம் ஏறிக்கொண்டிருந்தது. கடைசி இருபது நிமிடம். ஏழு, ஏழு, ஏழு. பிறகு எட்டு. வெகுநேரம் எட்டு. ஒன்பதில் முடிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அபிதா அழைத்தாள். பின்னால் பெண்கள் பாடுகிற சத்தம்.

"அத்தை! பத்தொம்பது ஷாட் அடிச்சாங்க. பதினேழு தடுத்துட்டேன். பதினேழு!"

"தோத்துட்டீகளே ஆத்தா."

"தோத்துட்டோம். நாங்கதான் கடைசிக்கு முந்தி."

"அப்ப உங்கள இன்னும் கீழ எறக்கிருவாகளா?"

அபிதா சிரித்தாள். "இதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல அத்தை."

ராஜாத்தி சாலை ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தாள். கம்பத்துப் பஸ் ஒன்று ஹாரன் அடித்து அவளைத் தாண்டிப் போனது. கடை வாசலில் இரண்டு பேர் மனுவோடு நின்று கையசைத்தார்கள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனை மறு காதில் அழுத்தினாள்.

"சரி, அந்த ரெண்டு எப்பிடிப் போச்சு? அதச் சொல்லு முதல்ல. எந்தப் பக்கம் நின்ன நீ?"