களிமண் பூசிய மரம்

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மலாக்காவிலிருந்து சாமியார் வருவார். சனங்கள் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க அவர் உட்காருமுன், உபதேசியார் தங்கையா அத்தாப்பு ஓலை வேய்ந்த கோயிலில் நின்று ஆத்தும சோதனைக் கேள்விகளை உரக்க வாசிப்பார். எழுத்துத் தெரியாத சனங்கள் அதைக் கேட்டுத் தங்கள் மனதைத் துழாவிப் பார்த்துக்கொள்வார்கள். பதினொரு வருடமாக நடக்கிற வழக்கம். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு ஏட்டைத் திறக்கவே கை வரவில்லை.

காரணம் ஒரு பால்மரம். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருடம் அது. மரத்தைக் காயப்படுத்தியவர் பெயர் பட்டியலில் முதலில் ஏறும். தங்கையாவும் பால்வெட்டித்தான் பிழைத்தார். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நடுக்கத்தில் அவர் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. பக்கத்து மர நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அன்னம்மா பார்த்தாள். அவர் வாளியோடு நகர்ந்ததும் ஓடைக் களிமண்ணை அள்ளிவந்து காயத்தில் பூசி மறைத்தாள். மண் கையோடு கங்காணி இருளாண்டியிடம் அகப்பட்டாள்.

இரண்டு நிரைக்கும் நடுவில் நிற்கிற மரம். காயம் அவளுடையதுதான் என்று கங்காணி நினைத்தார். அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. தங்கையாவைக் கேட்டபோது, “நான் கவனிக்கலீங்க” என்றார்.

திங்கட்கிழமை பட்டியல் துரையிடம் போகும். அன்னம்மாவின் புருஷன் தங்கராஜு தோட்டத்து ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அவனையும் கப்பலில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தங்கையா உண்மையைச் சொன்னால் அவர் மனைவியும் நாலு பிள்ளைகளும் கப்பலேற வேண்டும். சாமியார் காதில் மட்டும் சொல்லிவிடலாமா? பிறருக்குச் செய்த கேட்டைச் சரிசெய்யாமல் மன்னிப்புக் கேட்பது கடவுளை ஏய்ப்பது என்று சனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைப்பாக இருந்தது. வெளியே மழை வேறு விடாமல் பெய்தது.

வாசித்தார். பத்துக் கட்டளைகளில் ஏழாம் கற்பனைக்கான கேள்வி முடிந்தது. அடுத்து ஒன்பதாவதை எடுத்தார்.

“உபதேசியாரே, எட்டாவத விட்டுட்டீங்களே” என்றாள் அன்னம்மா. குத்திக்காட்டும் குரல் அல்ல. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனவள், அவ்வளவுதான்.

“மழ இருட்டுல அண்ணனுக்குக் கண்ணு தெரியல போல. வெளக்கப் புடிக்கட்டுமா?” என்றாள் கூட்டத்தில் இருந்த ஜெயமணி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தங்கையா எட்டாவதை வாசித்தார். “பிறர்மேல் வீண்பழி விழுந்தபோது, உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேனா?” அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

“இருந்தேன். அந்த மரத்துக் காயம் என் கத்தி பட்டு ஆனது. இந்தப் பொண்ணு என்னக் காப்பாத்தத்தான் மண்ணு பூசுச்சு” என்றார். ஏட்டைக் கீழே வைத்துவிட்டு மழையில் இறங்கினார். அன்னம்மா கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

கங்காணி வீட்டு வாசலில் தங்கையா சொன்னதையே மறுபடியும் சொன்னார். இருளாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஊருக்கெல்லாம் வேதம் சொல்ற வாயி, நாலு நாளா எங்கய்யா போச்சு?”

“பயம் கங்காணி.”

“அவருக்கு அன்னிக்கு நெருப்பாக் காய்ச்சலுங்க. அந்த நடுங்குற கையால எப்படி ஒழுங்கா வெட்டுவாரு?” என்றாள் அன்னம்மா.

“உன்மேல பழி விழ விட்ட ஆளுக்கு நீ பரிஞ்சு பேசுறியா?”

“அவரு பிள்ளைங்களும் சின்னதுங்கதானுங்களே.”

கங்காணி உள்ளே போய்ப் பட்டியலை எடுத்துவந்து அன்னம்மாவைப் பார்த்தார். “உன் பேர அடிச்சிடுறேன் போ. யோவ், உன் பேர எழுதித்தான் ஆகணும். காய்ச்சல்னு துரைகிட்டச் சொல்லிப் பாக்குறேன். கேப்பாருன்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.”

அவர்கள் திரும்பியபோது கோயிலில் இன்னும் வரிசை நின்றது. பொழுது சாயுமுன் சாமியார் புறப்பட்டாக வேண்டும். தங்கையா நனைந்த வேட்டியோடு கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்ற ஜெயமணி திரும்பிப் பார்த்து ஒதுங்கினாள்.

“நீங்க போங்கண்ணே. எனக்கு அடுத்த தடவ ஆனாலும் பரவால்ல.”

அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்ற பயம் அவரை விடவில்லை. பயத்தோடேயே போய் முழந்தாளிட்டார்.