இரண்டு விரற்கடை

...இன்னும் இரண்டு விரற்கடைதான், அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறது கை. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் நானே பென்சிலால் கிழித்த கோடு, தையல் டேப்பை வைத்துத் திரும்பத் திரும்ப அளந்து கிழித்தது, தரையிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். விமானத்தில் தலைக்கு மேல் இருக்கும் பெட்டிகளைச் சாத்த அந்த உயரம் எட்டியாக வேண்டுமாம், சாத்தத் தெரியாதவளுக்கு அங்கே என்ன வேலை, நியாயம்தானே. நாளைக்கு மதுரையில் விமானப் பணிப்பெண் வேலைக்கு நேர்முகத் தேர்வு. சிரிப்பு, நடை, ஆங்கிலம் எல்லாம் அப்புறம்தான், முதலில் இந்தக் கோடு. போன தடவை கோயம்புத்தூரில் இதிலேயே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், பெயரைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள். வேல்விழி என்ற பெயரை வடக்கத்திக்காரர்கள் வாய்க்குத் தோதாக எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்... அந்தப் பெயரை அங்கே யாரும் கேட்கவே இல்லை. நாளைக்கும் இப்படியே ஆனால்? நாளைக்கும் ஆனால் அவ்வளவுதான், பயிற்சி வகுப்பு ஜெபஷீலா மிஸ் பச்சையாகச் சொல்லிவிட்டார், இதுக்கு மேல உன்னை அனுப்பி எனக்குத்தான் கெட்ட பேர் என்று.

அதுவும் எனக்கு உயரம் இல்லாமல் இருந்தால் சரி என்று விட்டுவிடலாம். பயிற்சி வகுப்பில் நான்தான் நெட்டைக்கொக்கு. என் தோளுக்கு இருக்கிற பெண்ணெல்லாம் குதிகாலைத் தூக்கி, லிப்ஸ்டிக் கலையாமல் சிரித்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிட்டுப் போகிறாள். மிஸ் என் முழங்கையைப் பிடித்துப் பார்த்தார், ஏதாவது எலும்பு முறிந்து கூடியதா என்று கேட்டார், இல்லை மிஸ் என்றேன், “அப்ப ஏம்மா இங்க வந்து பூட்டிக்கிது?” என்றார். அதைத்தான் மிஸ் நானும் கேட்கிறேன். கை மேலே போகும், போகும், கடைசியில் முழங்கை ஒரு இடத்தில் நின்றுவிடும், மாடு சில இடத்தில் கால் வைக்காமல் நிற்குமே அப்படி. யோசித்துப் பார்த்தால் பஸ்ஸில் மேல் கம்பியை நான் பிடித்ததே இல்லை, எவ்வளவு கூட்டமானாலும் சீட்டின் முதுகைத்தான் பிடிப்பேன். கொடியில் துணி காயப்போடுவதில்லை, தூக்கி எறிவேன், விழுந்த இடத்தில் காயும். பரணில் இருக்கிற அண்டாவை என்னைவிட ஒரு தலை குட்டையான அம்மா ஸ்டூல் போட்டு எடுப்பாள், நான் கீழே நின்று வாங்கிக்கொள்வேன். இதெல்லாம் சோம்பேறித்தனம் என்றுதான் இருவருமே வைத்துக்கொண்டோம், வசதியாக.

சரி, கோட்டை விடு, கேள்விகளைப் பார். நெருக்கடியான ஒரு நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், ஒரு சம்பவம் சொல்லுங்கள்... இது கட்டாயம் வருமாம். நான் ஒரு கதை கட்டி வைத்திருக்கிறேன். ஆண்டிபட்டி தாண்டி பஸ்ஸில் ஒரு அம்மா மயங்கி விழுகிறார், நான் கூட்டத்தை விலக்கிக் காற்று வரவிட்டு, தண்ணீர் தெளித்து, பதறாமல், நூற்றெட்டுக்குப் போன் செய்து... கண்ணாடி முன் சொல்லிச் சொல்லி அந்த அம்மாவின் சேலை நிறம்கூட இப்போது எனக்குத் தெரிகிறது, அரக்குச் சேலை. நல்லா இருக்கு, ஆனா நேர்ல நடந்த மாதிரி இல்ல, உன் வாழ்க்கையில உண்மையா ஒன்னு நடந்திருக்காதா, அதைச் சொல்லேன் என்றார் மிஸ். இல்லை மிஸ், எங்கள் ஊரில் ஒன்றும் நடக்காது மிஸ் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பொய், அதுவும் ஆங்கிலத்தில்.

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறை அது. திராட்சைக்கு வௌவால் வராமல் இருக்கத் தோட்டத்தின் மறுகோடியில் ஒரு பல்பு போட வேண்டும் என்று அப்பா மோட்டார் ரூமிலிருந்து வயரை இழுத்து, பந்தல் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார். இந்தப் பக்கம் எல்லாரும் செய்கிறதுதான், தலைக்கு மேல் இவ்வளவு கம்பி ஓடும்போது தனியாக எதற்குக் கம்பம் நடுவது. வயரின் தோல் எங்கோ தேய்ந்திருக்கிறது. மழை விட்ட காலை, குலையை விலக்கிப் பார்க்கக் கையைத் தூக்கிய அப்பா அப்படியே நின்றுவிட்டார். பிடித்த பிடி விடவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை எழுத எழுத்து இல்லை. நான் ஓடினேன், கம்பியில் ஒட்டிக்கொண்ட அந்த விரல்களைப் பிரித்துவிட வேண்டும் என்று கையை நீட்டி எம்பினேன், எட்டவில்லை, மல்லாக்க விழுந்தேன். அதற்குள் அம்மா மோட்டார் ரூமுக்கு ஓடிப் பீஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கரண்டை நிறுத்தினாள், அப்பா விழுந்தார். இவ்வளவுதான் கதை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அம்மா இதைத்தான் சொன்னாள், “நல்ல வேள எட்டல, எட்டியிருந்தா ரெண்டு பொணம்.” வந்த ஒவ்வொருவரும் என் தலையைத் தடவி, எட்டாமப் பொழச்ச பிள்ள என்றார்கள். அதற்குப் பிறகு நான் கிடுகிடுவென்று வளர்ந்தேன், பாவாடைகள் எல்லாம் முழங்காலுக்கு ஏறின, அம்மா கதவு நிலையில் என்னை நிறுத்திப் பார்த்துவிட்டு, போதும்த்தா வளந்தது என்பாள், வேடிக்கையாகத்தான் சொல்வாள், ஆனால் கண் சிரிக்காது. எட்டாததால் உயிரோடு இருக்கிறவள் எட்டுகிற வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன், என் நெஞ்சழுத்தத்தை என்ன சொல்வது.

எட்டு மணி வெயிலே சுள்ளென்று அடிக்கிறது, எதற்குச் செருப்பை மாட்டுகிறேன், தோட்டத்துக்கா? பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் பெட்டியில் துணி அடுக்காமல் வரப்பில் நடக்கிறேன். ஆனால் வேறு எங்கே போவது, அந்தச் சுவர்க்கோட்டிடம் எத்தனை தடவை தோற்பது. அப்பாவின் பந்தல் மற்றவர்கள் பந்தலைவிட உயரம். மற்ற தோட்டங்களில் குனிந்து நடக்க வேண்டும், இவர் மட்டும் தன் உயரத்துக்குக் கல்லுக்கால் ஊன்றினார், நான் எதுக்குக் குனியணும் என்று. கவாத்துக்கும் அறுப்புக்கும் வருகிற பெண்கள் இன்றைக்கும் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று அவரைத் திட்டிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள், முத்துராஜா செத்தும் நம்ம இடுப்ப ஒடிக்கிறான் என்று. அந்தக் கம்பியை நான் அளந்ததில்லை. ஆனால் கோடு கிழித்து முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும், அது இந்த உயரம்தான். தெரிந்துதான் அளக்காமல் இருந்தேன்.

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு வருஷங்கள் ஆகின்றன, அம்மா அதிலேயே கூலிக்கு அறுக்கிறாள். பந்தலுக்கு அடியில் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகிவிடுகிறது, காற்று நிற்கிறது, அழுகிய பழத்தின் புளிப்பு வாடை. இந்த வாடைக்குள்தான் இவள் தினமும் நிற்கிறாள், அந்தக் கம்பியைத் தொட்டுத் தொட்டு, ஒருநாள்கூட என்னிடம் ஒன்றும் சொல்லாமல். பெட்டி மேல் ஏறி நின்றவள் என்னைப் பார்த்ததும் கத்தரியை நிறுத்தினாள். “இங்கன எதுக்குத்தா வந்த? வெயில்ல மொகம் கறுத்துராது? நாளைக்குப் பாக்குறவுக என்ன நெனப்பாக?” நான் மேலே கம்பியைக் காட்டினேன். “கை எட்ட மாட்டேங்குதும்மா. கோயம்புத்தூர்லயும் அதேன். இந்தக் கம்பியத் தொட்டுப் பாக்கணும்.” எங்கே இருந்து வந்தன இந்த வார்த்தைகள், வீட்டிலிருந்து கிளம்பும்போது இவை என்னிடம் இல்லை. அம்மா மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன், சொன்னால் நல்லது என்றும் நினைத்தேன், அவள் பெட்டியிலிருந்து இறங்கி மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வாழைக்கு அந்தப் பக்கமிருந்து குத்தகைக்காரர் முத்துப்பாண்டி குரல் கொடுத்தார், “யாரது மோட்டார நிப்பாட்டுனது?” “நாந்தேன், செத்த நேரம் பொறுங்க,” என்று கத்தினாள் அம்மா. திரும்பி வந்தபோது அவள் கையில் பீஸ் கட்டைகள் மூன்றும் இருந்தன. அந்தப் பழைய வயரை அந்த வாரமே அறுத்துப் போட்டாயிற்று, இப்போது இந்தப் பந்தலில் கரண்டு என்று ஒன்று இல்லவே இல்லை, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டைகளை மடியில் கட்டி, மேலே கையையும் வைத்துப் பொத்திக்கொண்டாள். “இப்பத் தொடு,” என்றாள்.

தூக்கினேன். முழங்கை வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது, இதோ, இங்கேதான், இரண்டு விரற்கடை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. குதிகாலைத் தூக்கு, மிஸ்ஸின் குரல், குதிகாலை... பிறகு எது அவிழ்ந்தது, தெரியவில்லை, விரல்கள் கம்பியின் மேல் இருந்தன. ஒன்றுமில்லை. குளிர்ச்சி, கொஞ்சம் துரு, ஒரு காய்ந்த கொடிச்சுருள். இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்போடு சேர்ந்து மார்புக்கு நடுவில், எலும்பின் மேல், ஒரு அடி. இப்போது விழுந்தது இல்லை, அப்போது விழுந்தது. உடம்பு பின்னால் சாயப் பார்த்தது. எட்டாமல் விழுகிறவள் முன்னால்தானே விழுவாள்? கையை நீட்டி எம்பினவள் எப்படி மல்லாக்க விழுந்தேன்? இதை ஏன் யாரும் கேட்கவில்லை, நான் ஏன் கேட்கவில்லை?

“அம்மா, அன்னிக்கு எனக்கு நெஞ்சுல என்னமோ தடவுனீல்ல... மஞ்சப்பத்து... எதுக்கு?” கம்பியை விடாமல்தான் கேட்டேன். அம்மா கீழே பார்த்தாள், நசுங்கிக் கிடந்த பழங்களை. “கன்னிப்போயிருந்துச்சு,” என்றாள். “அவுக கால் பட்டு.” நான் எட்டியிருக்கிறேன். இல்லை, எட்டப் போயிருக்கிறேன். “ஒதச்சாகளா?” “நான் மோட்டார் ரூம் வாசல்ல இருந்து திரும்பிப் பாத்தேன். கால் வந்துச்சு, நீ போய் விழுந்த. வேணும்னு ஒதச்சாகளா, கரண்டு ஒதறுச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலத்தா. அதச் சொன்னா நீ தூங்குவியா? எட்டலன்னே சொல்லிட்டேன்.”

அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை, அடிக்கக் கை ஓங்கியதுகூட இல்லை. அந்த ஒரு உதை அவருடையதாக இருக்கட்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது, கரண்டு இல்லை, அப்பாதான், என்னைப் பார்த்து, யோசித்து, தள்ளிவிட்டிருக்கிறார், அவர் கொடுத்த உயிர்தான் இது... எவ்வளவு ஆசையாக இருக்கிறது அப்படி நினைக்க. ஆனால் அப்படியென்றால் அவருக்கு அப்போது நினைவு இருந்திருக்கிறது. சட்டென்று முடிந்துவிட்டது, ஒன்றும் தெரிந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதானே அம்மாவும் நானும் இத்தனை வருஷம் சோறு தின்றோம். அவர்தான் உதைத்தார் என்றால் எல்லாம் தெரிந்திருக்கிறது, கை எரிவது, விட முடியாதது, நான் ஓடி வருவது, எல்லாம். அதைத்தானா நான் அவருக்கு வேண்டுகிறேன்? “பஸ்ஸுக்கு நேரமாச்சு, கைய எறக்குத்தா,” என்கிறாள் அம்மா, மடியை இன்னும் பொத்திக்கொண்டு. முத்துப்பாண்டி மறுபடியும் கத்துகிறார். கை தாராளமாக எட்டுகிறது, கோடு வேண்டுமானால் இன்னும் மேலேகூட இருக்கலாம். ஒன்றும் தெரியாமல் போன அப்பாவா, எல்லாம் தெரிந்து என்னை உதைத்துத் தள்ளிய அப்பாவா, எனக்கு யார் வேண்டும் என்று சொல்ல முடியாமல் கம்பியைப் பிடித்தபடியே நிற்கிறேன்.