கீழ்த்தளத்தில் எண்ணாத தலைகள்

"தொண்ணூத்தி நாலா? உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பெர்னடின் க்ரூபா ஆயர் அலுவலகத்துக் கடிதத்தை, கோயிலில் தலை எண்ணும் செஸ்டரின் மூக்குக்கு நேராக ஆட்டினாள். ஞாயிறு பூசை முடிந்து, கோயில் படிக்கட்டில் நின்றுதான் இந்தக் கூத்து. அமெரிக்காவின் ரெடிங் நகரத்தில் அந்தத் தெருவுக்கு ஜன்னல்கள் அதிகம். அத்தனை திரையும் ஒரு விரற்கடை விலகியிருந்தது.

"இருந்த தலையத்தான் எண்ணினேன்," என்றார் செஸ்டர்.

அக்டோபர் மாதத்து ஞாயிறுகளில் பூசைக்கு வரும் தலைகளை எண்ணி ஆயருக்கு அனுப்ப வேண்டும். எத்தனைக்குக் கீழே போனால் கோயிலுக்குப் பூட்டு என்பதை இந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாகச் சொன்னார்கள்: இருநூறு. பெர்னடினுக்கு அது சாதாரணப் பூட்டு இல்லை. கணவர் ஸ்டான்லியின் சவப்பெட்டி போன அதே வாசல் வழியாகத்தான் தன் பெட்டியும் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தாள். என்ன பாட்டு, யார் தூக்க வேண்டும், யார் கிட்டேயே வரக்கூடாது என்பது உட்பட.

"கீழ்த்தளத்துல மத்தியானம் ஒரு மணிப் பூசைக்கு வர்றவங்க என்ன ஆனாங்க? அவங்களே இருநூறுக்கு மேல இருப்பாங்களே!"

"என் முழங்கால வச்சுக்கிட்டு அந்தப் படியெல்லாம் இறங்கவா? அதுவுமில்லாம, அது பூசையே இல்ல, கச்சேரின்னு சொன்னது யாரு? நீதானே?"

உண்மைதான். தெருவில் போலந்துக்காரர் வீடுகள் ஒவ்வொன்றாக டொமினிக்கன் தீவிலிருந்து வந்த ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களின் கைக்கு மாறின. அவர்கள் கிடாரும் கைக்குழந்தையுமாகக் கோயிலுக்கு வந்தபோது, பதினொரு கையெழுத்து வாங்கிச் சாமியாரிடம் நீட்டி, கீழே மடக்கு நாற்காலிகளுக்கு அனுப்பிவைத்தவள் பெர்னடின். வெள்ளிக்கிழமை பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டை விற்கும்போது மட்டும் அவர்களிடம் பேச்சு இனிக்கும்.

"ஆயருக்கு அனுப்பின கணக்குத் தாள்ல ரெண்டாவது கையெழுத்து உன்னுது," என்றார் செஸ்டர். "படிச்சுப் பாத்துத்தானே போட்ட?"

படித்துப் பார்த்துத்தான் போட்டாள். தொண்ணூற்று நான்கு அவளுக்குக் குறைவாகவே படவில்லை. தெரிந்த முகமெல்லாம் வந்தாயிற்று என்று திருப்தியாகவே இருந்தது.

அன்று மாலையே ஒரு தட்டு பியரோகியோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். கீழ்த்தளத்துப் பாடகர் குழுவை நடத்தும் யஹைரா பெரால்டாவின் வீடு அது.

"யஹைரா, கண்ணு, உங்க ஆளுங்க எல்லார் கையெழுத்தும் வாங்கிக் குடு. நாமெல்லாம் ஒரே கோயில்தானேன்னு ஆயருக்கு எழுதுவோம்."

யஹைரா தட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"எந்தக் கோயில் பெரியம்மா? நாங்க இருந்தது நாற்காலி அடுக்கற ரூம்லதானே."

"பழசெல்லாம் இப்ப எதுக்கு?"

"பழசா? போன வாரம் என் பொண்ணு மேல பாத்ரூமுக்கு வந்தப்ப, 'கீழ போ'ன்னு விரட்டினீங்களே. ஆத்துக்கு அந்தாண்ட கோயில்ல எங்களுக்குப் பத்து மணிப் பூசை தர்றாங்க. மேலயே. நாங்க பேரு குடுத்தாச்சு." கதவு பாதி மூடியது. "தட்ட நாளைக்குக் கழுவித் தர்றேன்."

ஈஸ்டர் முடிந்ததும் கோயிலைப் பூட்டினார்கள். பெர்னடினும் ஆற்றைத் தாண்ட வேண்டியதாயிற்று. அங்கே பத்து மணிக்கு இடம் போதாத கூட்டம். போலந்துப் பாட்டு வேண்டும் என்ற இருபத்தாறு பேருக்கு எட்டு மணிக்குக் கீழ்த்தளம். அங்கும் மடக்கு நாற்காலிதான். அக்டோபரில் யஹைராவின் தம்பி வில்மர் எண்ணவந்தான். படியிறங்கி வந்து, ஒரு தலை விடாமல் எண்ணினான். பெர்னடின் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வில்மருக்கு அடுத்த ஜூனில் அதே கோயிலில் கல்யாணம் நடந்தது, மேலே. செஸ்டர், பழைய கோயிலில் மூன்றாம் பெஞ்சில் உட்காரும் லொரெட்டாவைக் கட்டிக்கொண்டு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். முழங்கால் இப்போது வலிப்பதே இல்லையாம். பெர்னடின் டெலவேரில் மகள் வீட்டோடு போய்விட்டாள். தன் பெட்டி போகும் வழி எழுதிய அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போனாள். வாசலைப் பற்றிய வரியை மட்டும் அடித்துவிட்டாளாம். அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை.