வாசித்தவர் பெயர்

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதிய கணினி நிரலை இன்னொருவர் வாசிக்காமல் அனுப்புவதில்லை. றமீஸா எழுதியதை நான் வாசிப்பேன், நான் எழுதியதை அவள். வாசித்தவர் பெயர் கடைசியில் பதியப்படும்.

2008இல், போர் நடந்த நாட்களில், கொழும்பு மருத்துவமனை ஒன்றின் வேலை வந்தது. நோயாளிகள் தங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்க வேண்டும். அதை எழுதும் பொறுப்பு றமீஸாவுக்கு. மறுநாள் மேலாளர் பாலேந்திரன் என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, இதை நீர் வாசிக்கத் தேவையில்லை. ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறன். பாதுகாப்புப் பிழையெல்லாம் அதுவே பிடிக்கும்."

"ஏன் சேர்?"

குரலைத் தாழ்த்தினார். "வேலை செய்யிற ஆக்களின்ர பேரை ஆஸ்பத்திரிக்காரர் கேட்டவங்கள். உம்மட தமிழ்ப் பேர் அவங்களுக்குப் பிடிக்கேல்லை. காலம் தெரியும்தானே. மெசினுக்கு இனமில்லை. அதுதான் வசதி."

அன்று காலைதான் நான் வரும் ஹந்தானை பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் மறித்து என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார்கள். அங்கே வாய் திறக்க முடியாது. இங்கேயும் "சரி சேர்" என்றுதான் சொன்னேன்.

"அப்ப பாலேந்திரன் சேர் என்ன, ஜப்பான்காரரா?" என்றாள் றமீஸா, சாப்பிடும்போது நான் சொன்னதைக் கேட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். என் பழைய நிரலில் நாங்கள் இருவருமே தவறவிட்ட ஓட்டையொன்றை முதல் நாளே காட்டியது. றமீஸாவின் நிரலில் ஒன்றுமே காட்டவில்லை. திரை முழுக்கப் பச்சை.

அனுப்ப வேண்டிய நாளன்று றமீஸா என் கதிரையை இழுத்தாள். "மனசு கேக்குதில்ல. ஒருக்கா பாரு புள்ள."

வாசித்தேன். ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் அறிக்கையைத் திறப்பவர் அதற்கு உரியவர்தானா என்று எந்த வரியும் கேட்கவில்லை. இணைய முகவரியில் கடைசி இலக்கத்தை மாற்றினேன். வேறொருவரின் இரத்தம் திரையில் வந்தது. யாருடைய நோயையும் யாரும் பார்க்கலாம். இயந்திரம் தனக்குத் தெரிந்த பிழைகளைத் தேடியிருக்கிறது. இது யாருடையது என்று கேட்க அதற்குத் தெரியவில்லை.

பாலேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினோம். முகம் வெளிறிப் போனது.

"கெதியாத் திருத்துங்கோ. மெசின் பிடிச்சதெண்டு எழுதுவம்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"மெசின் பச்சை காட்டிச்சு சேர். பிடிச்சது நான். என் பேரப் போடுங்க."

"இந்த வேலையையே எங்களிட்ட இருந்து பறிச்சிடுவாங்கள் பிள்ளை."

றமீஸா பிழையைத் திருத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். "அவ பேரில்லாட்டி நான் அனுப்ப மாட்டேன் சேர். மெசினையே அனுப்பச் சொல்லுங்க."

சேர் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "முதலெழுத்து மட்டும் போடுவமே?"

"முழுப் பேர் சேர்" என்றேன்.

நானே தட்டினேன். வாசித்தவர்: வீரய்யா இரஞ்சிதம்.

அவர் அழிக்கச் சொல்லவில்லை. அனுப்பச் சொல்லவும் இல்லை. றமீஸா அனுப்பினாள்.